வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலி நாட்டில் பிறந்து தமிழகத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி, தமிழறிஞர், புலவர். இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பதாகும். தேம்பாவணி என்னும் காப்பியத்தையும் சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குருவின் கதை முதலிய நூல்களையும் இயற்றியவர். தமிழ் எழுத்தில் இவர் செய்த சீர்திருத்தமும் அகராதிப் பணியும் பரவலாக அறியப்பட்டவை. கிறித்தவர்களின் தவக்காலம், துயர வெள்ளி, உயிர்ப்பு விழா ஆகியவற்றைச் சார்ந்த நம்பிக்கை வாழ்வைத் தமிழ் மரபில் நிலைபெறச் செய்ததும் இவரது பணியின் முக்கியமான பகுதியாகும். இன்றைய கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் வட்டாரத்தைச் சேர்ந்த கோணான்குப்பமும், கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியும் இவரது பெயருடன் இணைத்துப் பேசப்படும் ஊர்கள் ஆகும்.

பிறப்பும் கல்வியும்

வீரமாமுனிவர் வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகிலுள்ள காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் (அலோசியுஸ் கொன்சாகா) பிறந்த ஊரும் இதுவே. இளமையில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் பயின்று, 1698ஆம் ஆண்டு அச்சபையில் சேர்ந்தார். பின்னர் மெய்யியலும் இறையியலும் கற்றுக் குருப்பட்டம் பெற்றார்.

இயேசு சபையின் பயிற்சியில் புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மப் பயிற்சிகள் அடிப்படையானவை. அவை நான்கு கிழமைகளாகப் பகுக்கப்பட்டவை. முதற் கிழமையில் பாவத்தைக் குறித்த சிந்தனையும், இரண்டாவதில் இயேசுவின் வாழ்க்கையும், மூன்றாவதில் அவரது பாடுகளும், நான்காவதில் அவரது உயிர்ப்பும் தியானப் பொருள்களாகும். தவக்காலம் தொடங்கி உயிர்ப்பு விழா வரை திருச்சபை கடந்து செல்லும் பாதையும் இதுவே. நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்தி, அங்கு நிற்பவரைப் போல உணர்ந்து தியானிக்கும் இப்பயிற்சி முறையின் சாயலை வீரமாமுனிவரின் பக்தி நூல்களில் காணலாம்.

தமிழகம் வருகை

இவர் லிசுபன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1710ஆம் ஆண்டு கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து கேரளத்தின் அம்பலக்காடு வழியாக 1711இல் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் (இராபர்ட் தெ நொபிலி) தொடங்கிய முறையை இத்தளத்தின் குருக்கள் பின்பற்றி வந்தனர். துறவியரைப் போல உடுத்தி, இந்நாட்டு உணவை உண்டு, இந்நாட்டு மொழியில் பேசி மறையைப் போதிப்பதே அம்முறையாகும்.

தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம், காமநாயக்கன்பட்டி, கயத்தாறு முதலிய ஊர்களில் பணியாற்றினார். 1714–15 காலப்பகுதியில் குருக்கள்பட்டி என்னும் ஊரில் பிடிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். இவருக்கு முன் இதே மறைப்பணித் தளத்தில் உழைத்த அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) 1693 பெப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அந்நாள் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனாக இருந்தது. அந்நிகழ்ச்சி நடந்து இருபது ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், குருக்கள்பட்டியில் தமக்கு நேரவிருந்தது என்ன என்பதை இவர் நன்கு அறிந்திருப்பார்.

கோலமும் பெயரும்

கான்ஸ்டன்டைன் என்னும் பெயருக்கு நிலையுறுதி உடையவர் என்று பொருள். அதற்கேற்பத் தைரியநாதர் என்னும் பெயரை இவர் முதலில் ஏற்றார். அது வடமொழிப் பெயராக இருந்தமையால் பின்னர் வீரமாமுனிவர் என்னும் தமிழ்ப் பெயர் வழங்கலாயிற்று. காவி உடை அணிந்து, காதில் முத்துக் கடுக்கன் பூண்டு, புலித்தோல் விரித்த இருக்கையில் அமர்ந்த தோற்றத்தில் இவரைப் பழைய ஓவியங்கள் காட்டுகின்றன. பழனியைச் சேர்ந்த சுப்பிரதீபக் கவிராயரிடம் இவர் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார் என்பது மரபு.

மதுரை மறைப்பணித் தளத்தின் துறவியர் இறைச்சி, மீன், முட்டை, மது ஆகியவற்றை விலக்கிச் சோறு, காய்கறி, பால் ஆகியவற்றை மட்டும் உண்டனர். ஐரோப்பியக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் நாற்பது நாள் மேற்கொண்ட புலால் மறுப்பு இவர்களுக்கு ஆண்டு முழுவதுக்குமான ஒழுக்கமாக இருந்தது.

மக்களைப் பொறுத்தவரை நோன்பு என்பது புதிய செய்தி அன்று. ஒரு பொழுது மட்டும் உண்டு நோற்பதைக் குறிக்கும் ஒருசந்தி என்னும் சொல்லும், புலால் நீக்கிய உணவைக் குறிக்கும் சுத்தபோசனம் என்னும் சொல்லும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் தவக்காலச் சொற்களாக நிலைத்தன.

ஏலாக்குறிச்சியும் கோணான்குப்பமும்

1720களிலும் 1730களிலும் வீரமாமுனிவர் கொள்ளிட ஆற்றின் வடகரைப் பகுதியைத் தம் பணிக்களமாகக் கொண்டிருந்தார். ஏலாக்குறிச்சி அக்காலத்தில் அரியலூர்ப் பாளையத்தைச் சேர்ந்தது. அவ்வூருக்கு இவர் திருக்காவலூர் என்னும் பெயரை இட்டு, அடைக்கல மாதா ஆலயத்தைப் பேணி வளர்த்தார். ஏலாக்குறிச்சியைக் கடந்து செல்லும் கொள்ளிடம் சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அக்காலத்தில் கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தரங்கம்பாடியில் தேனியரும் இருந்தனர். வீரமாமுனிவரின் ஊர்களோ இக்கடற்கரைக் கோட்டைகளின் காவல் எல்லைக்கு அப்பால், பாளையக்காரர்களின் ஆட்சிக்கு உட்பட்ட உள்நாட்டில் இருந்தன.

கோணான்குப்பம் விருத்தாசலத்தை அடுத்த முகாசா பரூர் பகுதியைச் சேர்ந்தது. இங்குள்ள பெரியநாயகி மாதா ஆலயம் வீரமாமுனிவரால் தொடங்கப்பட்டது. இவ்வூர் வழியாகச் சென்றபோது இவர் தம்முடன் கொண்டுவந்த மாதா திருவுருவம் காட்டில் தவறிப்போனதாகவும், பின்னர் அது கிடைத்த இடத்தில் முகாசா பரூர்க் கச்சிராயரின் உதவியுடன் கோயில் எழும்பியதாகவும் அவ்வட்டார மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். இங்கு மரியாளின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்திய கோலத்தில் உள்ளது. பெரியநாயகி என்னும் பெயரும் சைவ, வைணவ மக்கள் தங்கள் ஊர்களில் கேட்டுப் பழகிய பெயரே ஆகும். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அம்மன் பெயரும் பெரியநாயகி என்பது நோக்கத்தக்கது. இவ்வாலயம் தற்போது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் சனவரித் திங்களில் தேர்த் திருவிழா நடைபெறுகிறது.

தவக்காலமும் பாஸ்காவும் சார்ந்த படைப்புகள்

வேதியர் ஒழுக்கம்

மதுரை மறைப்பணித் தளத்தில் குருக்கள் மிகச் சிலரே இருந்தனர். ஒவ்வொருவரும் பல நாள் நடைத் தொலைவுக்குப் பரந்த ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. பாஸ்கா முதலிய பெரிய திருநாள்களுக்கு மக்கள் தொலைவிலிருந்து நடந்து வந்து குரு இருக்கும் ஊரில் கூடுவர். ஆண்டின் மற்ற நாள்களில் மன்றாட்டு நடத்துதல், சிறுவருக்கு மறை கற்பித்தல், நோயாளிகளைச் சந்தித்தல், இறப்பவரின் அருகிருத்தல் ஆகிய யாவும் வேதியர் அல்லது உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினரின் பொறுப்பில் இருந்தன.

இவர்களுக்காக வீரமாமுனிவர் எழுதிய உரைநடை நூல் வேதியர் ஒழுக்கம் ஆகும். பிறருக்கு மறையைச் சொல்பவர் முதலில் தம் வாழ்வைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது இந்நூலின் மையக் கருத்து. கடவுள் அன்பு, பிறர் அன்பு, தன் பொறுப்பை உணர்தல் ஆகியவற்றை நேரடியான நடையில் இது விளக்குகிறது. செய்யுளே இலக்கியமாகக் கருதப்பட்ட காலத்தில், மக்கள் வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளும் உரைநடையில் இது எழுதப்பட்டமையால், தமிழ் உரைநடை வளர்ச்சியிலும் இந்நூலுக்குத் தனி இடம் உண்டு.

அன்னை அழுங்கல் அந்தாதி

சிலுவையில் உயிர்விட்ட மகனைக் கண்டு மரியாள் அடைந்த துயரைப் பாடும் நூல் அன்னை அழுங்கல் அந்தாதி. அழுங்கல் என்பதற்கு வருந்துதல், அழுதல் என்று பொருள். ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாக அமைவது அந்தாதி யாப்பு. ஒரு புலம்பல் முடியும் இடத்திலேயே அடுத்தது எழுவதால், ஆறாத துயரைச் சொல்ல இவ்வடிவம் பொருந்தி வருகிறது.

இறந்தவரைச் சுற்றி அமர்ந்து பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவது தமிழ் நாட்டு வழக்கம். துயர வெள்ளியின் வழிபாடு இவ்வழக்கத்துடன் இயல்பாக இணைந்தது. இதே காலத்தில் இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742) இயேசுவின் பாடுகளைக் குறித்து வியாகுலப் பிரசங்கம் என்னும் நூலை எழுதினார். அது தவக்காலத்தில் ஆலயங்களில் உருக்கமாக வாசிக்கப்பட்டு வந்தது. பாலாற்றுக்குத் தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் வரை தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கிய வியாகுல மாதா பக்தி, பாஸ்கு நாடகம், புலம்பல் ஆகியவற்றின் இலக்கியப் பின்புலத்தை அறிய இவ்விரு நூல்களும் உதவுகின்றன.

தேம்பாவணி

1726இல் இயற்றப்பட்ட தேம்பாவணி மரியாளின் கணவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமான சூசையப்பரைத் தலைவராகக் கொண்டது. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் இதன் பெயருக்கு இருவகையாகப் பொருள் கொள்வர். இசுபானியத் துறவியான ஆகிரேதா மரியாள் எழுதிய கடவுளின் நகரம் பற்றிய நூல் இக்காப்பியத்துக்கு மூலங்களுள் ஒன்று.

நாடு, நகரம் என்னும் வருணனையுடன் தொடங்கும் தமிழ்க் காப்பிய மரபின்படி யூதேயா நாடும் எருசலேம் நகரும் மருத நில வளத்துடன் பாடப்படுகின்றன. எபிரேயப் பெயர்களின் பொருளை அறிந்து அவற்றை வீரமாமுனிவர் தமிழாக்கினார். யோசேப்பு என்னும் பெயர் வளன் என்றும், யோவான் என்னும் பெயர் கருணையன் என்றும் மாறின. கருணையன் தன் தாய் எலிசபெத்தை இழந்து காட்டில் தனித்து நின்று புலம்பும் பகுதி தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது.

காப்பியத் தலைவர் அரசரோ போர்வீரரோ அல்லர். மரவேலை செய்து குடும்பத்தைக் காத்த தொழிலாளர். வறுமை, நாடு விட்டு ஓடுதல், மகனைத் தேடி அலைதல், நோய், இறப்பு என எளிய குடும்பங்கள் அறிந்த துன்பங்களே கதையின் நிகழ்ச்சிகளாகும். அன்றாட உழைப்பும் பொறுமையும் நம்பிக்கை வாழ்வின் உயர்ந்த வடிவம் என்பதை இக்காப்பியம் உணர்த்துகிறது. சூசையப்பர் இயேசுவின் பாடுகளுக்கு முன்பே இறந்தார் என்பது கிறித்தவ மரபு. ஆகவே இக்காப்பியம் தலைவரின் இறப்போடு முடியாமல், உயிர்த்த இயேசுவால் அவர் விண்ணக மாட்சி பெறுவது வரை நீண்டு முடிசூட்டுப் படலத்துடன் நிறைவெய்துகிறது. சூசையப்பரின் திருநாளான மார்ச் 19 பெரும்பாலும் தவக்காலத்தின் இடையிலேயே வருகிறது. நூலாசிரியரின் இயற்பெயரிலும் சூசையின் பெயர் இருந்தது குறிப்பிடத்தக்கது.

திருநீறும் விபூதிப் புதனும்

வீரமாமுனிவர் தமிழகத்துக்கு வருமுன்னரே மதுரை மறைப்பணித் தளத்தின் வழக்கங்கள் உரோமையில் விவாதத்துக்கு உள்ளாகியிருந்தன. இது மலபார்ச் சடங்கு விவாதம் எனப்படுகிறது. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் சார்லஸ் தெ தூர்னோன், இந்நாட்டு வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார்.

அவ்வாணையில் தடைசெய்யப்பட்டவற்றுள் கிறித்தவர்கள் நெற்றியில் சாணச் சாம்பல் பூசுவதும் ஒன்று. அதே வேளையில், மனிதன் மண்ணாக இருக்கிறான் என்பதை நினைவூட்டும் வகையில் தவக்காலத் தொடக்க நாளில் திருச்சபை மந்திரித்துப் பூசும் சாம்பலைப் பேண வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. நெற்றியில் பூசும் சாம்பல் நாள்தோறும் சமய அடையாளமாக இருந்த நாட்டில், அது ஆண்டில் ஒரு நாளுக்கு உரியதாயிற்று. ஆயினும் மக்கள் அந்நாளை விபூதிப் புதன், விபூதித் திருநாள் என்னும் பெயர்களாலேயே அழைத்தனர். தடைசெய்யப்பட்ட வழக்கத்தின் சொல்லே தவக்காலத்தின் முதல் நாளுக்குப் பெயராக நிலைத்தது.

வீரமாமுனிவரின் பணிக்காலம் முழுவதும் இவ்விவாதம் தொடர்ந்தது. துறவிக் கோலம், உணவு ஒழுக்கம், சாதி வழக்கங்கள் ஆகியவற்றில் எவை நாட்டுப் பண்பாடு, எவை பிற சமயச் சடங்கு என்னும் கேள்விக்கு இரு தரப்பாரும் வெவ்வேறு விடை கூறினர். தாழ்த்தப்பட்ட மக்களைக் குருக்கள் தனியே நடத்தியதும் இவ்விவாதத்தில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை இவ்விவாதத்தை முடித்து வைத்தது. அப்போது வீரமாமுனிவர் தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இருந்தார்.

தரங்கம்பாடியாருடன் வாதம்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய லூத்தரன் பணி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு வேகமாகப் பரவியது. அப்பணி 1737 அளவில் கடலூரிலும் தொடங்கப்பட்டது. 1740 முதல் 1758 வரை சுவீடன் நாட்டவரான கீர்னாண்டர் கடலூரில் பணியாற்றினார்.

மரியாளையும் புனிதர்களையும் வணங்குதல், திருவுருவங்கள் முதலியவை பற்றி இரு தரப்பாரிடையே கடும் வாதம் நிகழ்ந்தது. வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லூத்தர் இனத்தியல்பு ஆகிய நூல்களை எழுதிக் கத்தோலிக்கக் கொள்கையை நிறுவ முயன்றார். இவற்றின் நடை அக்காலச் சமய வாதங்களுக்கே உரிய கடுமை உடையது. எனினும் இவர் இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடி அச்சகமே 1738இல் அச்சிட்டது. கொள்கையில் எதிர்த்தவரின் தமிழறிவைத் தம் பணியாளர்களுக்குப் பாடமாக்கத் தரங்கம்பாடியார் தயங்கவில்லை.

மொழிப் பணி

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்த முற்காலத்தில் குற்றெழுத்தின் மேல் புள்ளி இடும் முறை இருந்தது. ஓலைச்சுவடியில் புள்ளி விடுபடுவதால் குழப்பம் நேர்ந்தது. இதனைக் களைய நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் தந்த முறை வீரமாமுனிவருடையது. இன்று நாம் எழுதும் ஏ, ஓ ஆகியவையும் இரட்டைச் சுழிக் கொம்பும் இம்முறையின் பயனாகும்.

இவரது பிற நூல்களுள் முக்கியமானவை:

- சதுரகராதி (1732) – பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்த அகராதி
- தொன்னூல் விளக்கம் – எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் கூறும் இலக்கணம்
- திருக்குறள் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் இலத்தீன் மொழிபெயர்ப்பு
- பரமார்த்த குருவின் கதை – நகைச்சுவைக் கதை; 1822இல் இலண்டனில் பாபிங்டன் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது
- திருக்காவலூர்க் கலம்பகம்
- கித்தேரியம்மாள் அம்மானை – மறைச்சாட்சியான கன்னி ஒருவரின் கதை

இறுதிக் காலம்

திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிப்புடன் வீரமாமுனிவருக்கு நட்பு இருந்ததென்றும், சில ஊர்களின் வருவாய் இவருக்கு அளிக்கப்பட்டதென்றும் மரபு கூறும். 1741இல் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிப்பைச் சிறைகொண்டு சென்றனர். வீரமாமுனிவர் தாம் நெடுங்காலம் உழைத்த உள்நாட்டுத் தளத்தை விட்டுத் தென்கடற்கரைக்குச் சென்றார். பின்னர் அம்பலக்காட்டை அடைந்து 1747 பெப்ரவரி 4ஆம் நாள் அங்கு இறந்தார். இவர் 1742இல் மணப்பாட்டில் இறந்தார் என்று பழைய நூல்கள் சில கூறுகின்றன. இயேசு சபைப் பதிவுகளின் அடிப்படையில் பின்னைய ஆய்வாளர்கள் அம்பலக்காட்டையும் 1747ஐயும் ஏற்கின்றனர். அருளானந்தர் இறந்ததும் பெப்ரவரி 4ஆம் நாளிலேயே ஆகும்.

மரபுச் செய்திகளும் வரலாறும்

வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் முதன்முதலில் விரிவாக எழுதியவர் சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை. 1822இல் எழுதப்பட்ட அந்நூல், வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர்களில் வழங்கிய செய்திகளைத் தொகுத்துத் தருகிறது. பல்லக்கில் சென்ற ஆடம்பரம், அரசவைப் பதவி முதலியன அதன் வழியாகவே பரவின. இயேசு சபையாரின் கடிதங்களையும் ஆண்டறிக்கைகளையும் ஒப்பிட்டு ஆய்ந்தோர் இவற்றுட் சிலவற்றை ஏற்பதில்லை.

நினைவுகள்

1759இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையைத் தடைசெய்தது. 1773இல் அச்சபை முற்றிலும் கலைக்கப்பட்டது. 1837இல் மீண்டும் மதுரைப் பகுதிக்கு இயேசு சபையார் வரும்வரை பல ஊர்கள் போதிய குருக்கள் இன்றி இருந்தன. அவ்வூர்களில் நோன்பையும் மன்றாட்டையும் விழாக்களையும் காத்தவர்கள் வேதியர்களே. அவர்கள் ஓலையில் படியெடுத்து வைத்திருந்த நூல்களுள் வீரமாமுனிவரின் நூல்களும் அடங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தேம்பாவணி புதுச்சேரியில் அச்சேறியது.

1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது சென்னை மெரினா கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை நிறுவப்பட்டது. ஏலாக்குறிச்சியும் கோணான்குப்பமும் இன்று தமிழகத்தின் குறிப்பிடத்தக்க மாதா திருத்தலங்களாக விளங்குகின்றன. கோணான்குப்பம் பெரியநாயகியின் திருவிழாவில் பிற சமயத்தாரும் பெருமளவில் கலந்துகொள்கின்றனர்.